பட்டு, செம்மண், ரப்பர்

எங்கள் ஆய்வகத்துக்கு வருவது தண்ணீர். கிணற்றிலிருந்து, குழாயிலிருந்து, தொழிற்சாலையிலிருந்து, நீச்சல் குளத்திலிருந்து பாட்டில்களில் வரும். ஒவ்வொன்றிலும் அனுப்பியவரின் பெயர் ஒட்டியிருக்கும். அந்தப் பெயரை உரித்துவிட்டு ஓர் எண்ணை ஒட்டுவது என் வேலை. யாருடைய தண்ணீர் என்று தெரிந்துவிட்டால் சோதிப்பவரின் கை தன்னையறியாமல் ஒரு சொட்டு முன்னே பின்னே போகும். அதனால் எந்த எண் யாருடையது என்ற பட்டியல் என் இழுப்பறையில் பூட்டியிருக்கும். நான் வேதியியல் படித்தவள். இங்கே சேர்ந்து எட்டு மாதம் ஆகிறது.

மதியம் ஒரு மணிக்குச் சாப்பாட்டு அறையில் மூன்று பேர் உட்காருவார்கள். மேசைக்கு நான்கு நாற்காலிகள். நான்காவதில் நான் உட்கார்ந்ததில்லை. குளிர்பதனப் பெட்டிக்குப் பக்கத்தில் பழைய கணினி மேசை ஒன்று கிடந்தது. முதல் நாள் கூச்சத்தில் அங்கே போய் டப்பாவைத் திறந்தேன். மறுநாளும் அங்கேயே. பிறகு அது என் இடம் என்று ஆகிவிட்டது. யாரும் என்னை ஒதுக்கவில்லை. ஆனால் இத்தனை மாதம் கழித்து எழுந்து போய் அந்த நாற்காலியை இழுக்க ஒரு காரணம் வேண்டியிருந்தது. வீட்டிலும் பேச ஆளில்லை. தனி அறை. ஞாயிறு காலையில் அம்மா கூப்பிடுவாள், பத்து நிமிடம்.

அந்த மூவரும் பேசுவது டென்னிஸ். ஆண்கள் ஆட்டத்தில் யார் பெரியவர் என்ற ஒரே பேச்சு. மூன்று ஆட்டக்காரர்களுக்கும் மேசையில் வைத்த பெயர்கள் உண்டு. ஒற்றைக் கையால் பேக்ஹேண்ட், அதாவது பின்னடி, அடிப்பவர் பட்டு. களிமண் தரையில் யாராலும் அசைக்க முடியாத இடதுகைக்காரர் செம்மண். எந்தப் பந்துக்கும் உடலை நீட்டி எட்டிவிடுபவர் ரப்பர்.

பட்டுக்குக் கட்சி கட்டுபவர் வேதியியல் பிரிவின் மூத்த ஆய்வாளர். ஒல்லியாக, நெட்டையாக இருப்பதால், சொட்டுச் சொட்டாக அளக்கும் நீளக் கண்ணாடிக் குழாயின் பெயரில் அவரை எல்லோரும் பியூரெட் அண்ணன் என்பார்கள். கல்லூரியில் ஆடியவர். குடுவை கழுவும் பிரஷைக் கையில் வைத்துக்கொண்டு அந்தப் பின்னடியை நடித்துக் காட்டுவார், சோப்பு நுரை சுவரில் தெறிக்கும். ரப்பர் கட்சி, நுண்ணுயிர்ப் பிரிவு அக்கா. அரங்கமே எதிராளிக்குக் கைதட்டும்போது நின்று ஆடுகிறவன் எவனோ அவன்தான் தன் ஆள் என்பாள். செம்மண் கட்சி, பாட்டில்களைச் சேகரித்து வரும் வேன் ஓட்டுநர். இடது கையால் எழுதியதற்காகப் பள்ளியில் அடி வாங்கியவர் அவர்.

“உங்க ஆளு எழுதுறது வலது கையிலதான்யா. மட்டைய மட்டும்தான் இடது கையில பிடிக்கிறாரு” என்று பியூரெட் அண்ணன் வாரத்துக்கு ஒரு முறையாவது சீண்டுவார்.

“அப்ப ரெண்டு கையும் வேலை செய்யுதுன்னு அர்த்தம். உங்காளுக்குப் பின்னடிக்கு ரெண்டாவது கை எங்க போச்சு?” என்பார் ஓட்டுநர்.

அக்கா சிரித்தபடி இருவரையும் கிளறிவிடுவாள். பெட்டிப் பக்கம் திரும்பி உட்கார்ந்து நானும் சிரிப்பேன். அவர்கள் பார்க்க மாட்டார்கள்.

எனக்கு ஒரு காரணம் கிடைத்தது. இந்தச் சண்டைக்கு ஒரு முடிவு கண்டுபிடித்துக்கொண்டு போனால் அந்த நாற்காலியில் உட்காரலாம்.

எனக்குத் தெரிந்த முறை ஒன்றுதான். பெயரை உரிக்க வேண்டும். பட்டங்களின் எண்ணிக்கையைப் போட்டால் பார்த்த மாத்திரத்தில் ஆளைச் சொல்லிவிடுவார்கள். அதனால் மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் உட்கார்ந்து வேறு விவரங்களைச் சேர்த்தேன். முதல் பத்து இடங்களில் இருப்பவர்களை எதிர்த்து எத்தனை விழுக்காடு வெற்றி, முதல் செட்டை இழந்த பிறகு எத்தனை, ஐந்தாவது செட் வரை போன ஆட்டங்களில் எத்தனை, எந்த வயதில் ஏறினார், எந்த வயதில் இறங்கினார். எல்லாவற்றையும் ஒரே அளவுக்கு மாற்றி, பெயருக்குப் பதில் எண் போட்டு, அந்த மூவருக்கும் ஆளுக்கொன்றாக மூன்று தாள்களில் அச்சிட்டேன். ஒருவருடைய தாளில் முப்பத்தொன்றாக இருக்கும் ஆள் அடுத்தவருடைய தாளில் எண்பத்துநான்காக இருப்பார். ஒருவரைப் பார்த்து இன்னொருவர் எழுத முடியாது.

ஒரு புதன்கிழமை மதியம் தாள்களை மேசையில் வைத்தேன். விவரங்களை மட்டும் பார்த்து ஆட்டக்காரர்களை வரிசைப்படுத்தும்படி சொன்னேன், என் குரல் எனக்கே கேட்கவில்லை. அக்காதான் நாற்காலியை இழுத்துவிட்டு, “உட்காரும்மா, நின்னுக்கிட்டே பேசுறியே” என்றாள். உட்கார்ந்தேன். மூவரும் பரீட்சை எழுதும் பிள்ளைகள் மாதிரி தாளைக் கையால் மறைத்துக்கொண்டு எழுதினார்கள். ஓட்டுநர் இரண்டு முறை அடித்துத் திருத்தினார். “ஸ்டிக்கர் மேடம் கில்லாடிதான்” என்றார் என்னைப் பார்த்து. அந்தக் கால்மணி நேரம் நான் மிகவும் சந்தோஷமாக இருந்தேன்.

பிறகு எண்களுக்குரிய பெயர்களைப் படித்தேன்.

மூவரில் ஒருவர்கூடத் தன் ஆளை முதலிடத்தில் வைக்கவில்லை. பியூரெட் அண்ணன் ரப்பரை வைத்திருந்தார். அக்கா செம்மண்ணை. ஓட்டுநர் எழுதியிருந்த வரிசையில் பட்டு முதலில், செம்மண் கடைசியில்.

முதலில் அக்கா சிரித்தாள். பியூரெட் அண்ணன் சிரிக்கவில்லை. தாளை இரண்டு தரம் பார்த்தார். ஓட்டுநர் தன் தாளை நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

“சரி, அப்ப முடிஞ்சுபோச்சு” என்றார் பியூரெட் அண்ணன்.

மறுநாள் யாரும் டென்னிஸ் பேசவில்லை. அண்ணன் ஓர் ஆட்டத்தைப் பற்றி ஆரம்பித்து, பாதியில் என்னைப் பார்த்துவிட்டு, தண்ணீர் குடித்தார். அக்கா கைப்பேசியில் மகளின் கட்டுரையைத் திருத்தினாள். அடுத்த வாரம் ஓட்டுநர் வேனிலேயே சாப்பிடத் தொடங்கினார். பிறகு அண்ணன் தன் மேசையிலேயே தேநீரும் ரொட்டியும் வைத்துக்கொண்டார். அக்காவுக்குக் கிருமிகளை வளர்க்கும் அடைகாப்புப் பெட்டியில் ஏதோ வேலை, இரண்டு மணிக்குத்தான் வருவாள். நான்கு நாற்காலிகளும் எனக்கு. ஒரு மணிக்குக் குளிர்பதனப் பெட்டியின் மோட்டார் ஓடுவதும் நிற்பதும் தெளிவாகக் கேட்டது. எட்டு மாதமாக அந்தச் சத்தத்தை நான் கவனித்ததே இல்லை.

வெள்ளிக்கிழமை பாட்டில் கூடையோடு ஓட்டுநர் வந்தார். கையெழுத்து வாங்கிக்கொண்டு திரும்பியவரிடம், என் கணக்கு தவறு என்றேன். மாதிரி எண்ணிக்கை மூன்றுதான், அளவு மாற்றியதில் களிமண் தரைக்கு உரிய மதிப்பு குறைந்துவிட்டது, அந்த முடிவை நம்ப வேண்டாம் என்று மூச்சு விடாமல் சொன்னேன். அவர் கூடையைக் கீழே வைத்துவிட்டுப் பொறுமையாகக் கேட்டார்.

“அது கிடக்கட்டும். உங்க ஆளு யாரு?”

நான் கூடையிலிருந்த பாட்டில்களை எடுத்து வரிசையாக வைக்க ஆரம்பித்தேன்.

“இத்தனை மாசமா நாங்க கத்துறத கேட்டுட்டு இருந்தீங்களே. ஒருத்தரக்கூடப் பிடிக்கலையா?”

“நான் ஒரு ஆட்டம்கூட முழுசா பார்த்ததில்ல” என்றேன்.

அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் தேவலை. “பார்க்காமயே மார்க் போட்டுட்டீங்களா?” என்று மெதுவாகக் கேட்டுவிட்டுப் படியிறங்கிப் போனார். வேன் கிளம்பும் சத்தம் கேட்டது. பாட்டில்களில் பெயர்களை உரிக்க ஆரம்பித்தேன். நகக்கண்ணில் பசை ஏறியது.

ஞாயிறு காலை அம்மாவிடம் பேசி முடித்த பிறகு மடிக்கணினியில் பழைய ஆட்டம் ஒன்றைத் தேடி எடுத்தேன். செம்மண்ணும் ரப்பரும் மோதியது, களிமண் தரையில். முடிவு கண்ணில் படாமலிருக்கத் திரையின் அடிப்பகுதியைக் காகிதத்தால் மறைத்தேன். முதல் செட் முழுக்க எண்ணிக்கொண்டே இருந்தேன், பழக்கம். இரண்டாவது செட்டில் எப்போதோ எண்ணுவதை விட்டுவிட்டேன். ரப்பர் ஒரு பந்துக்காகச் சறுக்கி விழுந்து, எழுந்து, கால்சட்டையில் ஒட்டிய மண்ணோடு அடுத்த பந்துக்கு நின்றார். கூட்டம் அவருக்குக் கைதட்டவில்லை. அவரும் கூட்டத்தைப் பார்க்கவில்லை. அக்கா சொன்னது இதைத்தான் என்று புரிந்தது. அடுத்த முறை அவர் அடித்த பந்து வலையில் பட்டபோது “அய்யோ, போச்சு” என்று நான் சத்தமாகச் சொன்னேன். அறையில் வேறு யாருமில்லை. பக்கத்து வீட்டில் குக்கர் விசில் அடித்தது.

அவர் தோற்றார். தோற்கப்போகிறார் என்று எனக்கு ஒரு மணி நேரம் முன்பே தெரிந்துவிட்டது. ஆனாலும் எழுந்திருக்க மனம் வரவில்லை. திரை கறுத்த பிறகும் உட்கார்ந்திருந்தேன். யாரிடமாவது சொல்ல வேண்டும் போலிருந்தது. அம்மாவிடம் சொன்னால், யாரும்மா அந்தப் பையன் என்று பதறுவாள். கைப்பேசியில் ‘மாதிரி வேன்’ என்று ஓர் எண் இருந்தது. பாட்டில்கள் எப்போது வரும் என்று ஓட்டுநரிடம் கேட்பதற்காக வைத்திருந்த எண். அதில் நேரங்களைத் தவிர வேறு எதுவும் நாங்கள் எழுதியதில்லை.

‘ரப்பர் தோத்துட்டார். நியாயமே இல்ல’ என்று எழுதி, அழித்து, மறுபடி எழுதி அனுப்பினேன்.

துணி துவைத்தேன். காயப்போட்டேன். நடுவில் நான்கு முறை கைப்பேசியைப் பார்த்தேன். மாலை ஐந்து மணிக்குப் பதில் வந்தது.

‘எங்க ஆளுகிட்ட அவர் மண்ணு கவ்வினது நிறைய இருக்கு மேடம். இதுல எந்த மேட்ச்?’

ஆண்டும் அரங்கின் பெயரும் செட் வாரியாகப் புள்ளிகளும், நான் காகிதத்தால் மறைத்திருந்த திரையின் அடிப்பகுதியில் இருந்தன. அவற்றை எழுதியிருந்தால் போதும். உடனே தெரிந்திருக்கும்.

‘மூணாவது செட் முடிஞ்சதும் தலையில துண்டைப் போட்டுக்கிட்டு, ரொம்ப நேரம் யாரையும் பார்க்காம உட்கார்ந்திருந்தாரே, அது’ என்று எழுதினேன்.

அனுப்பிவிட்டு, கைப்பேசியைக் கட்டிலில் நிமிர்த்தி வைத்துப் பக்கத்திலேயே உட்கார்ந்தேன்.