கணவாய்க்கு நான்கு டயர்கள்

2021 டிசம்பர் 2, வியாழக்கிழமை, காலை ஏழு மணி நாற்பது நிமிடம். உறைநிலைக்குக் கீழே இருபத்தேழு பாகை, காற்று இல்லை, சூரியன் இன்னும் மலைக்குப் பின்னால் இருந்தது. நரின் ஆற்றங்கரையில் இருந்த சிறிய மருத்துவ நிலையத்தின் முற்றத்தில், தலைமைச் செவிலி உம்சுனாய் குனிந்து, பழைய ஜப்பானிய எஸ்யூவியின் முன்சக்கர டயரைச் சாவிமுனையால் அழுத்தினாள். தடம் விழவில்லை. சாவியைத் திருப்பிப் பிடித்துத் தட்டினாள். பலகையைத் தட்டியதைப் போன்ற ஓசை எழுந்தது.

சுவரோரம் வேறு நான்கு டயர்கள், வளையங்களோடு, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டிருந்தன. அவையும் இரவு முழுவதும் அதே குளிரில் கிடந்தவைதாம். மேலே இருந்ததை அழுத்தினாள். சாவிமுனை சற்றே உள்ளிறங்கிற்று; எடுத்ததும் ரப்பர் மெல்ல மேலெழுந்தது.

“என்ன எஜே, டயருக்கு நாடி பாக்குறீங்களா?” என்றான் ஓட்டுநர் குபாத். அக்காவை எஜே என்பது அங்கு வழக்கம். அவன் எஞ்சினுக்கு அடியில் சூடான தணல்தட்டைத் தள்ளிக்கொண்டிருந்தான்.

“பாத்துட்டேன். வண்டியில மாட்டியிருக்கிறதுக்கு நாடி இல்ல.”

“அத நம்ம அசன்குல் அக்சகால்கிட்டச் சொல்லுங்க பாப்போம். நான் சொன்னா, ‘நீ பொறக்கிறதுக்கு முன்னாடியே அந்தக் கணவாய்ல முன்னூறு தடவ ஏறி எறங்கினவன்டா நான்’னு ஆரம்பிப்பாரு. முன்னூறையும் ஒண்ணொண்ணாச் சொல்லி முடிக்கிறதுக்குள்ள பாதைய மூடிருவானுங்க.”

பாதையை மூடுவது வேடிக்கைப் பேச்சு அன்று. பிற்பகலில் கணவாயில் காற்று எழும் என்றும், இரண்டு மணிக்குத் தடுப்பு இறங்கும் என்றும், பிறகு நோயாளியோடு திரும்பும் வண்டிக்கு மட்டுமே உயரும் என்றும், மற்றவற்றுக்கு மூன்று நாள் ஆகலாம் என்றும் முந்தின மாலையே அறிவிப்பு வந்திருந்தது. கணவாய்க்கு அப்பால் ஊச்-அர்ச்சா என்னும் சிற்றூரில் குல்சாத்துக்கு எட்டாம் மாதம். கால்கள் வீங்கியிருந்தன, இரத்த அழுத்தம் நூற்று அறுபதைத் தாண்டியிருந்தது, இரவு முழுவதும் தலைவலி என்று அவள் கணவன் தொலைபேசியில் கூறியிருந்தான். அவளை இன்றே கீழே கொண்டுவந்தாக வேண்டும். சில குளிர்காலங்களுக்கு முன் வந்த விதிப்படி, டயர்கள் குளிர்காலத்துக்கு ஏற்றவை என்று மூவர் கையெழுத்திட்ட தீர்மானத்தைக் காட்டாத வண்டிக்குத் தடுப்பு உயராது. அந்த மூவர்: உம்சுனாய், குபாத், போக்குவரத்துப் பொறுப்பாளர் அசன்குல். அவரை எல்லாரும் அக்சகால், அதாவது பெரியவர், என்றே அழைத்தார்கள்.

டயர் வியாபாரி ரிஸ்பெக் இரண்டு வகைகளை முற்றத்தில் விட்டுப் போயிருந்தான். ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதைத் திருப்பித் தர வேண்டும். ஆணி பதித்த டயர்களை மூவருமே விரும்பவில்லை. கணவாய்க்குப் பாதி வழி மொட்டைச் சரளை, ஒரு மாதத்தில் ஆணிகள் உதிர்ந்துவிடும். எனவே எல்லாத் தரைக்குமான டயர்கள் என்பதில் கருத்து வேறுபாடு இல்லை. எந்த வகை என்பதில்தான் இருந்தது. முதல் வகை புத்தம் புதியது. விரல்நுனி புதையும் ஆழமான பள்ளங்கள். பக்கவாட்டில் சேற்றையும் பனியையும் குறிக்கும் எழுத்துகள். இரண்டாம் வகை ஒரு குளிர்காலம் ஓடியது. பள்ளங்கள் ஆழமற்றவை, ஆனால் ஒவ்வொரு ரப்பர்க் கட்டையிலும் கத்தியால் கீறியதைப் போன்ற மெல்லிய வெட்டுகள். பக்கவாட்டில், மூன்று முகடுள்ள மலைக்குள் ஒரு பனித்துகள் பொறிக்கப்பட்டிருந்தது; கடும்பனிக்குச் சோதிக்கப்பட்ட டயருக்கான முத்திரை அது.

அசன்குல் முந்தின மாலை முதல் வகையின் பள்ளங்களில் விரலை விட்டுப் பார்த்தார், மாட்டச் சொன்னார், உள்ளங்கைகளை விரித்து அந்த டயர்களுக்கு ஆசி கூறி, முகத்தில் கைகளைத் தடவி முடித்தும்விட்டார். தேர்ந்தெடுத்த பின் ஆசி கூறுவதே முறை. அவர் ஆசி கூறியதனாலேயே தேர்வு முடிந்துவிட்டதாக ஆயிற்று. ஆசி கூறியதை மறுத்துப் பேசும் வழக்கம் அந்த நிலையத்தில் எவருக்கும் இல்லை.

எட்டு மணிக்கு அவர் வந்தார். எழுபத்தொரு வயது, வெள்ளைக் கம்பளித் தொப்பி, சட்டைப் பையில் நாளிதழில் சுற்றிய, எண்ணெயில் பொரித்த பூர்சோக் மாவுத் துண்டுகள். இருவருக்கும் ஆளுக்கு இரண்டு கொடுத்தார்.

“காயிதம் எங்க மகளே? கையெழுத்துப் போடுறேன். கெளம்புங்க.”

உம்சுனாய் தாளை எடுக்கவில்லை. கையெழுத்து விழுந்தால் இன்றே புறப்படலாம். ஆனால் இறக்கத்தில், பின்னிருக்கையில் குல்சாத் படுத்திருக்க, அந்த டயர்கள் நிற்க வேண்டிய இடத்தில் நிற்கா. டயர் தவறு என்றால் அவர் மனம் இறுகும். இறுகிய மனம் இளகுவதற்குள் நண்பகல் ஆகிவிடும். அவள் இரண்டையும் எடைபோட்டு, மூன்றாவதாக ஒன்றைத் தேர்ந்தாள்.

“அக்சகால், புது டயர்ல மொதப் பயணம். நீங்க பாதை தெறந்து வைக்காம நாங்க எப்படிப் போறது?”

வண்டி புதிதாய் எதையேனும் அணிந்து புறப்படும்போது முதல் சில நூறு அடிகளை மூத்தவர் ஓட்டித் தருவது அந்த நிலையத்தின் மரியாதை. ஆறாண்டுகளாக எவரும் அவரைக் கேட்டதில்லை. கண்புரை அறுவைக்குப் பிறகு கேட்கவே மறந்திருந்தார்கள். அசன்குல் தொப்பியைச் சரிசெய்துகொண்டார்.

“அப்படிக் கேளு! இவன் ஓட்டுறது ஓட்டமா? பால் கறக்கிற மாதிரி ஸ்டீயரிங்கப் பிடிச்சு இழுக்கிறான்.”

“கறந்தாலும் பால் வந்துச்சே, அக்சகால்,” என்றான் குபாத்.

“வாய மூடிட்டுப் பின்னால ஏறு.”

நிலையத்தின் பின்புறச் சந்து ஆற்றை நோக்கிச் சரிவாக இறங்கும். ஒரு மாதப் பனி மிதிபட்டுக் கண்ணாடியாகியிருந்தது. அசன்குல் நிதானமாக ஓட்டினார். வேகம் முப்பதைத் தாண்டவில்லை. பாதி இறக்கத்தில், பழுதற்ற பழைய பழக்கத்தோடு, விட்டு விட்டு மூன்று முறை பிரேக்கை மிதித்தார். சக்கரங்கள் நின்றன, வண்டி நிற்கவில்லை. அது எவ்வித அவசரமும் இன்றி, சற்றே பக்கவாட்டில் திரும்பி, சந்தின் முடிவில் இருந்த சாலிமாவின் புல்போருக்குள் மூக்கை நுழைத்து ஓய்ந்தது.

சாலிமா கையில் பால்வாளியோடு வெளியே வந்தாள்.

“பசிச்சா வாசல்ல வந்து கேட்டிருக்கலாமே, அக்சகால்! மாட்டுத் தீனிக்கே வந்துட்டீங்களே!”

குபாத் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். அவன் தோள்கள் குலுங்கின. உம்சுனாய் முகத்தில் எதையும் காட்டவில்லை. அசன்குல் இறங்கி, முன்சக்கரத்தின் அருகே குனிந்தார். பிறகு கையுறையைக் கழற்றி, டயரை நகத்தால் அழுத்தினார்.

“பாதை ராத்திரி புதுசா ஒறஞ்சிருக்கு,” என்றார்.

“ஆமா, அக்சகால்.”

“கணவாய்லயும் ஒறஞ்சிருக்கும்.”

“இருக்கும்.”

அவர் அவளை நிமிர்ந்து பார்த்தார். “நீ தெரிஞ்சேதான் என்னய ஏத்திவிட்டிருக்க.”

“நீங்க ஓட்டிப் பாத்தாத்தான் தெரியும்னு ஏத்திவிட்டேன். நான் சொன்னா வெறும் பேச்சு.”

அவர் கையுறையை மாட்டிக்கொண்டார். “டேய் பால்காரா,” என்று குபாத்தை அழைத்தார், “அந்த ஓடின டயரக் கழுவித் தொடச்சு மாட்டு. அதையும் நானே ஓட்டிப் பாக்குறேன். நியாயம்னா ரெண்டுக்கும் ஒண்ணுதான்.”

மாட்ட முக்கால் மணி நேரம் ஆயிற்று. அதே சந்து, அதே முப்பது, அதே மூன்று மிதி. வண்டி சறுக்கத்தான் செய்தது; ஆயினும் புல்போருக்கு இரண்டு வண்டி நீளம் முன்பாகவே, நேராக நின்றது. அசன்குல் பின்னோக்கி ஏற்றிவந்து மறுபடியும் இறக்கினார். அதே இடத்தில் நின்றது.

எஞ்சியது ஆசி மட்டுமே. “குடுத்ததத் திரும்ப வாங்குற பழக்கம் எனக்கு இல்ல,” என்று அவர் முற்றத்தில் இருமுறை நடந்தார். உம்சுனாய் கடிகாரத்தைப் பார்த்தாள். பத்து மணி ஐந்து நிமிடம்.

“என்ன எழுதி வச்சிருக்க, வாசி.”

அவள் வாசித்தாள். முதல் வகை பொருந்தாது என்ற இடத்தில் அவர் கையை உயர்த்தினார்.

“பொருந்தாதுன்னு எழுதாத. நான் ஆசி சொன்ன பொருளு. அது பனியொறஞ்ச பாதைக்கு இல்ல; ஏப்ரல் மாசச் சேத்துக்கு. அப்படியே எழுது. வசந்தத்துல ரிஸ்பெக்கிட்ட அதே டயரத்தான் வாங்கணும்னும் எழுது. ஆசி கெடந்து கெட்டுப்போகாது.”

அது பிழையான கூற்று அன்று என்பதை உம்சுனாய் ஒருகணம் சரிபார்த்தாள். பிறகு எழுதினாள்: இரண்டு வகைகளையும் மூத்த உறுப்பினர் தாமே ஓட்டிச் சோதித்து, இரண்டாம் வகையைக் குளிர்காலத்துக்கும் முதல் வகையைச் சேற்றுக் காலத்துக்கும் பரிந்துரைத்தார். புல்போரைப் பற்றி எழுத விதியில் இடம் இல்லை.

பேனாவின் மை உறைந்திருந்தது. அசன்குல் அதைக் கக்கத்தில் வைத்துச் சூடேற்றி, மெதுவாக, எழுத்துகளைப் பிரித்து, கையெழுத்திட்டார். குபாத்தும் அவளும் அவருக்குக் கீழே இட்டார்கள். பின்பு அவர் உள்ளங்கைகளை விரித்தார். இம்முறை டயர்களைப் பார்க்கவில்லை.

“அந்தப் பொண்ணு பத்திரமா எறங்கி வரட்டும். ஓமின்.”

தடுப்பை அடைந்தபோது பன்னிரண்டு மணி நாற்பது. முகடுகளில் பனிப்புகை கிளம்பத் தொடங்கியிருந்தது. காவலர் வண்டியை ஒருமுறை சுற்றிவந்து, பக்கவாட்டு முத்திரையை விரலால் துடைத்துப் பார்த்தார்.

“கெழவரு கையெழுத்துப் போட்டாரா? போன வருசம் நாலு நாள் இழுத்தடிச்சாரே?”

“இந்த வருசம் ரெண்டு மணி நேரம்தான்,” என்றான் குபாத்.

உம்சுனாய் சன்னல் கண்ணாடியை நான்கு விரற்கடை இறக்கி, மூன்று கையெழுத்துகளும் தெரியும்படி மடித்த தாளை நீட்டினாள். காவலர் கையுறையைக் கழற்றாமலே அதை வாங்கிக்கொண்டார்.