முடிச்சிட்ட நூல்கள்

வெள்ளம் வடிந்த நான்காம் நாள், அருங்காட்சியகத்தின் பின்கூடத்தில் தன்னார்வலர் பதின்மர் அமர்ந்து மண்கலங்களைக் கழுவிக்கொண்டிருந்தனர். அவர்களுள் ஒருத்தி சலவைக்கடை நடத்துபவள். அங்கே பதிவேடுகளுக்குப் பொறுப்பாயிருந்த அவளுடைய நாத்தனாரே காப்பாளரிடம் பரிந்துபேசி அவளை அழைத்து வந்திருந்தாள்.

"தண்ணியும் இந்தப் பிரஷ்ஷும் மட்டும்தான் அண்ணி. அழுத்தித் தேய்க்காதீங்க."

"இருபது வருசமா ஊர் அழுக்கையெல்லாம் வெளுக்கிறவளுக்கே பாடமா? போய் உன் வேலையைப் பாரு."

நண்பகலில் நாத்தனார் உலர்ந்த கிண்ணம் ஒன்றைக் கவிழ்த்துப் பார்த்தாள்.

"அடியில கறுப்பா ஒரு எழுத்து இருந்துச்சே, எங்க?"

"எழுத்தா? கறைன்னு நினைச்சேன். விடாப்பிடியா ஒட்டிக்கிட்டு இருந்துச்சு. கைப்பையில சோப்பு இருந்தது, போட்டுத் தேய்ச்சேன். பன்னெண்டையும் பளிச்சுனு ஆக்கிட்டேன்ல?"

"ஐயோ அண்ணி! அதுதான் அதோட எண். எந்த இடத்துல, எவ்வளவு ஆழத்துல தோண்டி எடுத்ததுன்னு அதை வச்சுத்தான் பதிவேட்டுல தேடணும். எண் போச்சுன்னா இதெல்லாம் வெறும் சட்டி. காப்பாளர்கிட்ட நான் எந்த மூஞ்சியை வச்சுக்கிட்டுப் பேசுவேன்?"

அண்ணி உலரவைத்திருந்த கிண்ணங்களை நோக்கினாள்.

"ரெண்டு வீட்டுத் துணியை ஒரே வாளியில நான் போட்டதுண்டா?"

"அதுக்கும் இதுக்கும் என்ன?"

"இங்க வந்து பாரு."

மூன்று தட்டுகளில் வந்த கிண்ணங்களை அவள் மூன்று துண்டுகளில் தனித்தனியே பரப்பியிருந்தாள். முதல் துண்டின் முனையில் ஒரு முடிச்சிட்ட நூல், அடுத்ததில் இரண்டு முடிச்சு, மூன்றாவதில் மூன்று. கடைவழக்கம் கையோடு வந்திருந்தது.

ஒவ்வொரு தட்டும் ஓர் அலமாரி அடுக்கிலிருந்து இறக்கியது. எந்த அடுக்கில் எந்தெந்த எண் என்பது பதிவேட்டில் உண்டு; ஆகவே ஒவ்வொரு துண்டிலும் நான்கு கிண்ணங்களுக்கு நான்கு எண்களே. நாத்தனார் அளவுகோலை எடுத்தாள். அண்ணி பதிவேட்டைப் பிடித்துக்கொண்டாள். வாயகலம், உயரம் ஆகியவற்றை ஒப்பிட்டு மாலைக்குள் பத்துக் கிண்ணங்களின் எண்களைக் கண்டறிந்தனர். எஞ்சிய இரண்டும் ஒரே அளவின. ஒன்றன் விளிம்பில் சிறு உடைவு உண்டு என்பதே பதிவேட்டுக் குறிப்பு. வெள்ளமோ இரண்டின் விளிம்பையும் உடைத்திருந்தது.

அவ்வேளையில் காப்பாளர் வந்தார்.

அண்ணி முந்திக்கொண்டாள். "ஐயா, எண்ணை அழிச்சது நான்தான். இவ தலைபாடா அடிச்சுக்கிட்டா, நான்தான் கேக்கலை."

காப்பாளர் இரு கிண்ணங்களையும் நெடுநேரம் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இது ரெண்டுல எது எதுன்னு இனிமே யாராலயும் சொல்ல முடியாதும்மா. ரெண்டு எண்ணையும் சேர்த்தே எழுதி வைங்க." கதவருகில் சென்றவர் நின்றார். "நாளைக்குத் துணி அலமாரியைத் திறக்கிறோம். எல்லாம் ஈரம், கலந்து கிடக்கு. அந்த நூலோட வருவீங்களா?"

"கறை இருந்தா?"

"இருந்துட்டுப் போகட்டும்."

நாத்தனார் எழுந்து, அண்ணியின் கைப்பையைத் திறந்து, சோப்பை எடுத்துத் தன் மேசை இழுப்பறையில் வைத்துப் பூட்டினாள்.