கீழ் வரிசைத் தகடு

“அவனுங்க தோத்தா உனக்கு என்னடி போச்சு?”

பெரியம்மா இப்படிக் கேட்டது, எங்கள் ஊர்க் கால்பந்து அணி தொடர்ந்து ஐந்தாவது ஆட்டத்தைத் தோற்ற மறுநாள். அவளுடைய தையற்கடையில் நான் பொத்தான் தைக்கிறேன். அன்று ஒரு சட்டைக்கு மேலிருந்து கீழ்வரை எல்லாப் பொத்தானையும் ஓர் இடம் தள்ளித் தைத்து வைத்திருந்தேன். மாட்டிப் பார்த்தால் ஒரு பக்கம் ஏறியும் ஒரு பக்கம் இறங்கியும் நின்றது. சட்டையை என் முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டுதான் கேட்டாள்.

முகத்தைப் பார்த்துக் கேட்டால் எனக்குப் பதில் வராது. பள்ளிக்கூடத்திலும் இதே கதைதான். எழுந்து நின்று வாசி என்பார்கள், முதல் சொல்லிலேயே தடுமாறுவேன், வகுப்பு சிரிக்கும். ஒன்பதாம் வகுப்போடு நின்றுவிட்டேன்.

ஆனால் பெரியம்மா கேட்டதற்குப் பதில் இருந்தது. அவர்கள் தோற்றால் அப்பா பேசமாட்டார். அதுதான் எனக்குப் போவது.

அம்மா இறந்த பிறகு வீட்டில் அப்பாவும் நானும் மட்டும். அப்பாவுக்குப் பெயிண்ட் கடையில் வேலை. காலையில் போனால் இருட்டியதும் வருவார், கைகழுவுவார், சாப்பிடுவார், “கதவைத் தாழ் போட்டியா?” என்பார். வாரநாட்களில் நாங்கள் பேசுவதையெல்லாம் சேர்த்தால் ஒரு டம்ளர்கூட நிறையாது. ஆட்டநாளில் மட்டும் அவர் வேறு மனிதர். மைதானத்தின் ஸ்கோர் போர்டைப் பார்த்துக்கொள்வது அவர்தான். நான் பள்ளியை விட்டதிலிருந்து கூட நானும்.

மைதானத்தின் ஒரு முனையில், இரும்பு ஏணிக்கு மேலே, தகரத்தால் அடித்த ஒரு கூண்டு. அதன் வெளிச்சுவர்தான் போர்டு. உள்ளேயிருந்தே துளை வழியாகக் கையை நீட்டி, எண் எழுதிய தகடுகளைக் கொக்கியில் மாட்டவேண்டும். எங்கள் எண்ணுக்கும் எதிரணியின் எண்ணுக்கும் நடுவே ஒரு சின்ன ஜன்னல். அதன் வழியாக ஆட்டம் பார்ப்போம். வெயில் நாளில் உள்ளே அடுப்புக்குள் உட்கார்ந்த மாதிரி இருக்கும். கூட்டம் முழுக்க எங்களை நிமிர்ந்து பார்க்கும். ஒருவருக்கும் என் முகம் தெரியாது. எனக்கு இதைவிட நல்ல இடம் உலகத்தில் கிடையாது.

அங்கே அப்பா வாயை மூடமாட்டார்.

“பாரு, பாரு, நெட்டையைப் பாரு. பந்து உள்ள போனப்புறம் பாய்றான். வழியனுப்பி வைக்கிறானாம்!” என்பார். நெட்டை என்பது எங்கள் கோல்கீப்பர்.

“அப்பா, அவன் பாவம். முன்னாடி நிக்கிற நாலு பேரும் வழி விட்டா அவன் என்ன செய்வான்?”

“நீ அவனுக்கு வக்கீலா?”

இப்படியெல்லாம் நான் பேசுவேன் என்று சொன்னால் பெரியம்மா நம்பமாட்டாள்.

அந்த வருடம் எங்கள் பக்கத்துப் பூஜ்யத் தகடு விளிம்பில் பெயிண்ட் உதிர்ந்து போயிற்று. மாட்டி மாட்டித் தேய்ந்ததுதான். மூன்றாம் எண் தகடு கடையிலிருந்து வந்த அன்றைய பளபளப்போடு அப்படியே இருந்தது. “இதை வித்தா புதுசுன்னே வாங்குவாங்க,” என்றார் அப்பா. சிரித்தோம். பிறகு தோற்றோம். வீட்டுக்குப் போகும் வழியிலேயே அவர் குரல் போய்விட்டது. அடுத்த ஆட்டம்வரை திரும்பவில்லை. ஒரு தோல்விக்கு இப்படி என்றால், அணி கீழ் டிவிஷனுக்கு இறங்கிவிட்டால் என்ன ஆகும் என்று யோசிக்கவே எனக்குப் பயமாக இருந்தது.

கடைசியில் இருக்கும் ஓர் அணிதான் இறங்கும். அது நாங்களா, துறைமுக அணியா என்று ஆகிவிட்டது. அப்போதுதான் அப்பாவுக்கு அந்த யோசனை வந்தது. எங்கள் ஸ்கோருக்குக் கீழே இன்னொரு வரிசை. துறைமுக அணி வேறெங்கோ ஆடிக்கொண்டிருக்கும் ஆட்டத்தின் ஸ்கோர். மைதானம் நிறைந்துவிட்டால் எவருடைய போனிலும் சிக்னல் இருக்காது, அங்கே என்ன ஆயிற்று என்று ஒருவரை ஒருவர் கேட்டுத் தவித்துக்கொண்டிருப்பார்கள். யாரும் அவரைச் செய்யச் சொல்லவில்லை. கடையில் மிஞ்சிய பெயிண்டில் அவரே தகடுகள் எழுதினார். தலைப்பாக ‘அங்கே’ என்று எழுதியது நான்.

புல்லைப் பராமரிக்கும் பெரியவரை எல்லாரும் புல்லு மாமா என்போம். அவர் கீழே நின்று பார்த்துவிட்டுக் கிண்டல் செய்தார்.

“என்னய்யா, நம்ம வீட்டுப் பால் பொங்கி வழியுது, நீ பக்கத்து வீட்டு அடுப்பை எட்டிப் பார்க்கிறே?”

“அவன் அடுப்பு அணைஞ்சாத்தான் மாமா நம்ம அடுப்பு எரியும்.”

“எரியட்டும், எரியட்டும். புல்லு மேல கால் வைக்காம சுத்திப் போ.”

அப்பாவும் அதில் கண்டிப்பு. எத்தனை அவசரமானாலும் கோட்டுக்கு வெளியே சுற்றித்தான் நடப்பார். விளையாடுகிறவன் தவிர வேறு யார் கால் பட்டாலும் அந்தப் புல்லுக்கு வலிக்கும் என்பார்.

கீழ் வரிசைக்கு ரேடியோதான் ஆதாரம். ஒரே வயர், இரண்டு காது. ஒன்று எனக்கு, ஒன்று அவருக்கு. அதற்கு ஒரு சட்டமும் வைத்தார்: அறிவிப்பாளர் கோல் என்று கத்தியதும் தகட்டைத் தொடக் கூடாது. ஸ்கோரை அவர் இரண்டு தடவை சொல்லவேண்டும்.

“கத்துறவன் முதல்ல பந்தைப் பார்த்துக் கத்துறான். கொடியை அப்புறம்தான் பார்க்கிறான். நாம அவசரப்பட்டா ஊரே ஏமாந்துபோகும்.”

கடைசி ஆட்டம் எங்கள் மைதானத்தில். துறைமுக அணி எங்களைவிட ஒரு பாயின்ட் மேலே இருந்தது. அவர்கள் தோற்றால் எங்களுக்கு டிரா போதும், பாயின்ட் சமமானால் கோல் கணக்கில் நாங்கள் மேலே. அவர்கள் டிரா செய்தால் நாங்கள் ஜெயித்தே ஆகவேண்டும். அப்பா காலையிலிருந்து இதையே வேறு வேறு விதமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். சவரம் செய்துகொண்டே சொன்னார். செருப்பு மாட்டும்போது சொன்னார். வீட்டிலேயே அவர் பேசுகிறாரே என்று எனக்கு உள்ளுக்குள் அத்தனை சந்தோஷம்.

முதல் பாதியிலேயே ஒரு கோல் வாங்கினோம். கீழே இருந்த கூட்டம் நெட்டையின் குடும்பத்தையே இழுத்தது. அப்பா பேசாமல் எதிர்ப்பக்கம் ஒன்றை மாட்டினார். இரண்டாம் பாதியில் பேக்கரி கோல் போட்டான். அவன் அப்பாவுக்கு பேக்கரி இருப்பதால் அந்தப் பெயர். தலையால் அடித்தானா தோளால் அடித்தானா என்று அவனுக்கே தெரியாது. அப்பா என் தலையைப் பிடித்து ஆட்டினார். “பன்னு வாங்கித் தரேன்டி அவன் கடையில! மொத்தக் கடையையும் வாங்கித் தரேன்!”

மேலே ஒன்றுக்கு ஒன்று. கீழ் வரிசையிலும் ஒன்றுக்கு ஒன்று. அப்படியே முடிந்தால் இறங்குவது நாங்கள்.

எங்கள் பிள்ளைகள் விடாமல் ஏறி ஆடினார்கள். பந்து கம்பத்தில் பட்டது. எதிரணியின் கோல்கீப்பர் விரல் நுனியால் ஒன்றைத் தட்டினான். இன்னும் கொஞ்சம் இப்படியே ஆடினால் எப்படியும் ஒன்று விழும் என்று தோன்றியது. எனக்குத் தோன்றியதைச் சொல்கிறேன், விழுந்திருக்கும் என்று யாரால் சொல்ல முடியும்?

அப்போது ரேடியோவில் அறிவிப்பாளர் கத்தினார். “கோல்! துறைமுக அணியின் வலைக்குள் பந்து!”

நான் திரும்புவதற்குள் அப்பா இரண்டாம் எண் தகட்டை எடுத்திருந்தார்.

“அப்பா, இருங்க. இன்னும் சொல்லல.”

அவர் காதிலிருந்து வயர் கழன்று தொங்கியது. கை துளைக்கு வெளியே போய்விட்டது. கொக்கியில் தகடு விழும் சத்தம் கேட்டது, ‘டங்’ என்று. அடுத்த நொடி மைதானமே எழுந்தது. கூண்டின் தகரம் அதிர்ந்தது. முன்பின் தெரியாதவர்கள் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். ஒருவர் தன் சட்டையைக் கழற்றிச் சுற்றினார். அப்பா ஜன்னலில் நெற்றியை வைத்து அழுதுகொண்டே சிரித்தார்.

என் காதில் அறிவிப்பாளர் சொல்லிக்கொண்டிருந்தார்: கொடி உயர்ந்திருக்கிறது, ஆஃப்சைடு, கோல் இல்லை.

“அப்பா, கோல் இல்லையாம். கழட்டுங்க.”

“இருடி.”

“ஆஃப்சைடுப்பா!”

“இருடி, இரு. திரும்பச் சொல்லுவான்.”

அவர் கை இன்னும் அந்தத் தகட்டைப் பிடித்திருந்தது. நான் இழுத்தேன், அவர் விடவில்லை. ஜன்னல் வழியாகக் கீழே பார்த்தேன். எங்கள் கேப்டன் போர்டை நிமிர்ந்து பார்த்தார். பிறகு இரண்டு கைகளையும் அமர்த்திக் காட்டினார். போதும், மெதுவாக, பந்தை வைத்துக்கொள்ளுங்கள் என்று. எங்கள் பிள்ளைகள் பின்னால் பின்னால் பந்தைத் தட்ட ஆரம்பித்தார்கள். கூட்டம் ஒவ்வொரு தட்டலுக்கும் கைதட்டியது. கேப்டன் பந்தை எங்கள் கூண்டுக்கு நேர்கீழே இருந்த கார்னர் கொடிக்குக் கொண்டுவந்து, முதுகைக் காட்டி, பந்தை மறைத்து நின்றார்.

நான் கத்தினேன். ஜன்னலில் வாயை வைத்து, தொண்டை கிழியக் கத்தினேன். “வச்சிருக்காதீங்கண்ணா! கோல் இல்ல! அடிங்க, அடிங்க!”

பந்து கோட்டைத் தாண்டி அவுட் ஆயிற்று. கேப்டன் நிமிர்ந்தார். என் குரல் அவருக்கு ஏதோ ஆரவாரமாகத்தான் கேட்டிருக்கும். போர்டைப் பார்த்துச் சிரித்து, கட்டை விரலை உயர்த்திக் காட்டினார்.

என் காதிலிருந்ததைப் பிடுங்கி அப்பாவின் காதில் வைத்து அழுத்தினேன். அவர் கேட்டார். அவர் முகத்தை நான் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

“ஒண்ணுக்கு ஒண்ணு,” என்றார். கொஞ்சம் பொறுத்து மறுபடியும், “ஒண்ணுக்கு ஒண்ணு.” பிறகு மிகச் சின்னக் குரலில், “ரெண்டு தடவை சொல்லிட்டான்,” என்றார்.

அப்போதுதான் அவர் விரல்கள் தளர்ந்தன. ஆனால் கையை அசைக்கவில்லை. நான்தான் இரண்டை எடுத்து ஒன்றை மாட்டினேன்.

கூட்டம் ஒரேயடியாக அடங்கவில்லை. போர்டைப் பார்த்தவர்கள் முதலில் நின்றார்கள். பாடிக்கொண்டிருந்தவர்களின் தோளைத் தட்டிக் காட்டினார்கள். அமைதி இருக்கை இருக்கையாக நகர்ந்து எதிர்முனை வரை போயிற்று. கேப்டன் பார்த்தார். பார்த்ததும் பைத்தியம் பிடித்தவர்போல் ஓடினார். எல்லாரும் ஓடினார்கள். நெட்டைகூட கோலை விட்டுவிட்டு முன்னால் ஓடினான். ஒரு பந்து உயரே வந்தது. பேக்கரி எம்பினான். கம்பத்துக்கு மேலே போய்விட்டது. விசில் ஊதிவிட்டார்கள். அங்கேயும் ஒன்றுக்கு ஒன்றிலேயே முடிந்தது.

பிறகு எங்களுக்கு விழுந்த வசவுகள்.

“டேய் போர்டு! கண்ணு இருக்காடா உனக்கு?”

“எவ்வளவு வாங்கினேடா அவனுங்ககிட்ட?”

“இறங்கி வாடா கீழ!”

ஒரு ஷூ வந்து தகரத்தில் மோதியது. ஒரு பாட்டில் மோதியது. அப்பா தலையைக்கூடக் குனியவில்லை. நான் அவர் கையைப் பிடித்துத் தரையில் உட்காரவைத்தேன். தொங்கிக்கொண்டிருந்த ரேடியோ வயரைச் சுருட்டினேன். பிரித்து மறுபடி சுருட்டினேன். கத்தியவர்கள் கத்திக் களைத்து ஒவ்வொருவராகப் போனார்கள். அழுதுகொண்டு உட்கார்ந்திருந்தவர்கள் மட்டும் கொஞ்சம் நேரம் இருந்தார்கள். பிறகு அவர்களும் போய்விட்டார்கள்.

நாங்கள் இறங்கியபோது ஏணியடியில் கேப்டன் நின்றிருந்தார். சட்டையெல்லாம் சேறு. அடிக்கப்போகிறார் என்று நினைத்து நான் அப்பாவுக்கு முன்னால் போய் நின்றேன்.

“அண்ணே,” என்றார் அவர். “போர்டைப் பார்த்துத்தாண்ணே நான்…” அதற்குமேல் அவருக்கு வரவில்லை. சண்டைக்கு வந்தவர் குரல் இல்லை அது. தான் செய்ததற்கு அப்பாவிடம் மன்னிப்புக் கேட்பதுபோல் இருந்தது. முகத்தைச் சட்டையில் துடைத்துக்கொண்டு போய்விட்டார். அவர் அடித்திருந்தால்கூட அப்பா தாங்கியிருப்பார் என்று நினைக்கிறேன்.

“அப்பா, வீட்டுக்குப் போலாம்ப்பா.”

அவர் கேப்டன் போன வழியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“அப்பா, அவசரத்துல யாருக்கும் வரும்ப்பா. நானா இருந்தாலும் மாட்டியிருப்பேன்.” இது பொய். நான் பொய் சொல்கிறேன் என்று அவருக்கும் தெரியும்.

போர்டில் எண்கள் அப்படியே தொங்கின. ஒவ்வொரு ஆட்டத்துக்குப் பிறகும் எல்லாத் தகடுகளையும் கழற்றி, துணியால் துடைத்து, வரிசையாக அடுக்கிவிட்டுத்தான் அப்பா கிளம்புவார். எத்தனை கோல் வாங்கித் தோற்ற நாளிலும் அதை விட்டதில்லை. நான் கையோடு கொண்டு இறங்கியிருந்த துணியை அவரிடம் நீட்டினேன். அவர் அதை வாங்கவில்லை. சட்டைப் பையிலிருந்து கூண்டின் சாவியை எடுத்து, என் கையைப் பிரித்து, அதில் வைத்து, விரல்களை மூடினார். அவர் கை ஜில்லென்று இருந்தது.

பிறகு கோட்டைத் தாண்டிப் புல்லில் கால் வைத்தார்.

சுற்றிப் போகவில்லை. செருப்புக் காலோடு நேராக நடுவில் நடந்தார். தூரத்தில் குழாயைச் சுருட்டிக்கொண்டிருந்த புல்லு மாமா அதட்டப்போகிறவர்போல் நிமிர்ந்தார், வாயைத் திறந்தார், மூடிக்கொண்டார். அப்பா நடுவட்டத்தைத் தாண்டினார். எதிர்ப்பக்கத்துக் கோல் கம்பத்தைத் தாண்டினார். அந்த முனையில் இருந்த வாசல் கதவைத் திறந்து, போர்டையும் பார்க்காமல் என்னையும் பார்க்காமல், ஒரு வார்த்தை பேசாமல் போனார்.