தலைமன்னார் பியரில் அமெரிக்கத் தேர்தல்

2016ஆம் ஆண்டு நவம்பர் மாதம், பட்டப்பகலில், பழைய கப்பல்துறை ஊரான தலைமன்னார் பியரைச் சேர்ந்த யாகப்பர் சம்மாட்டியின் உச்சந்தலையிலிருந்து கிளம்பிய வெளிச்சத்தைக் கண்டு, கடலுக்கு அக்கரையில் இராமேஸ்வரத்துக் கோழிகள் அன்றைக்கு இரண்டாம் தடவையாகவும் விடிந்துவிட்டதென்று கூவின. எங்கள் வெளிச்சவீடு வெட்கப்பட்டு ஒரு கிழமை எரியவில்லை. அதே கிழமைதான் அமெரிக்காவில் ஜனாதிபதித் தேர்தல். அந்த நாட்டுத் தலைகள் அத்தனையையும் ஒன்றாகக் கட்டிக் கொளுத்தியிருந்தாலும் இந்த வெளிச்சத்தில் கால்வாசி வந்திராது. அந்தத் தலைகளை ஆயுள் முழுக்க அளந்துவிட்டு வந்த பெனடிக்ற்றே அப்படித்தான் சொன்னார்.

பெனடிக்ற் பியரில் பிறந்தவர். இந்தியாவுக்குக் கப்பல் ஓடிய காலத்தில் அதிலேறிப் படிக்கப் போய், அங்கிருந்து அமெரிக்காவுக்குத் தாவி, மூளை விஞ்ஞானி ஆனவர். ஆட்களின் தலையில் கம்பிகள் தொங்கும் தொப்பியொன்றை மாட்டிவிட்டு, தேர்தல் பேச்சைக் கேட்கும்போது மூளை என்ன கூத்தாடுகிறது என்று பார்ப்பது அவருடைய வேலை. அந்நாட்டின் இரண்டு பெரிய கட்சிகளுக்கும் யானையும் கழுதையும் சின்னம்; யானைக் கட்சிக்காரரின் மூளையும் கழுதைக் கட்சிக்காரரின் மூளையும் அச்சொட்டாக ஒரே கூத்தைத்தான் ஆடின. பேச்சாளர் தொண்டையைச் செருமும்போதே அவை முடிவு கட்டிவிட்டன. "முடிவு கடுகதி ரயிலில வந்திடும். காரணம் பின்னால சாமான் ரயிலில ஆடி ஆடி வரும்" என்பது அவருடைய ஆராய்ச்சியின் சாரம். உன் தலைவர் சொன்னது பொய் என்று ஆதாரத்தோடு காட்டினால், மூளை அந்த ஆதாரத்தைச் சப்பித் துப்பிவிட்டு முன்னைவிட இறுகிப்போகும். எண்ணத்தை மாற்றிக்கொண்ட ஒரு மூளையைத்தானும் அவர் அமெரிக்காவில் காணவில்லை. அப்படியொன்று எங்காவது இருந்தால் அதிலிருந்து வெளிச்சம் வந்தே தீரும் என்று கணக்குப் போட்டு எழுதினார். பல்கலைக்கழகம் வயிறு குலுங்கச் சிரித்து, பூச்செண்டு கொடுத்து அவரை ஓய்வில் அனுப்பியது. அவர் தொப்பியைச் சூட்கேசில் அடைத்துக்கொண்டு, போருக்குப் பிறகு புதிதாகப் போட்ட தண்டவாளத்தில் வந்து பியரில் இறங்கினார்.

அவருடைய தங்கை றோஸ்மேரி போருக்கு ஓடிப்போய் இருந்த அக்கரை மண்டபம் அகதி முகாமிலிருந்து அவருக்கு முந்தியே திரும்பியிருந்தார். முகாமில் இருந்த காலமெல்லாம் முடிந்து முடிந்து சேர்த்த கரைவலை ஒன்று அவரோடு வந்திருந்தது. கரைவலை என்றால் வள்ளத்தில் கொண்டுபோய் வளைத்துப் போட்டுவிட்டு, இரு பக்கக் கயிற்றையும் கரையிலிருந்து இழுப்பது. அதற்குக் கரையில் ஒரு பாடு, அதாவது இழுக்கும் இடமும் முறையும், வேண்டும். பியரின் வழக்கம் இது: வலையொன்று புதிதாகக் கரைக்கு வருமென்றால், அதன் கயிற்றை கரையில் வலை வைத்திருக்கும் எல்லாச் சம்மாட்டிமாரும் கையால் தொட வேண்டும். ஒருவர் கையைக் கட்டிக்கொண்டு நின்றாலும் அந்த வலை நனையாது. றோஸ்மேரியின் கயிற்றை எல்லோரும் தொட்டுவிட்டார்கள், யாகப்பரைத் தவிர. இந்த வருடமும் நனையாவிட்டால் வலையை எலிகளுக்குக் கொடுத்துவிட்டுத் திரும்ப மண்டபத்துக்கே போய்விடுவதாக றோஸ்மேரி சொல்லிவிட்டார். அவர் சொன்னால் செய்கிற ஆள்.

யாகப்பர் எதையும் நம்பாதவர். மனிதன் சந்திரனுக்குப் போனதை அவர் நம்பவில்லை. சண்டை முடிந்ததை நம்பவில்லை, "மூச்சு வாங்க நிக்கிறாங்கள்" என்றார். ரயில் திரும்ப ஓடுவதை நம்பாமல், அது கூவிக்கொண்டு தன் வேலியோரம் போகும்போதும் பஸ்ஸுக்குக் காத்து நின்றார். றோஸ்மேரியின் தகப்பனுக்குக் கரையில் பாடு இருந்ததையும் அவர் நம்பவில்லை. இத்தனைக்கும் இளந்தாரிக் காலத்தில் அந்த மனிதரின் கயிற்றை இழுத்தே தோள் வளர்த்தவர். "ஓடிப்போனவைக்குக் கரை இல்லை" என்பதோடு அவருடைய பேச்சு முடிந்துவிடும்.

தேர்தல் கிட்டக் கிட்ட, ஊர் அமெரிக்காவைப் போலவே இரண்டாகப் பிளந்தது. இடம்பெயராமல் இருந்தவர்கள் யானைக் கட்சி ஆனார்கள், திரும்பி வந்தவர்கள் கழுதைக் கட்சி. பணக்கார நாடொன்றில் தங்களுக்கென்று ஒரு கட்சி இருக்கும் சேதி மன்னார் பட்டினத்துக் கழுதைகளுக்கு எப்படியோ எட்டிவிட, அவை வரிசையாகத் மன்னார்த் தீவின் நீளத்துக்கும் நடந்து வந்து புகையிரத நிலைய மேடையில் நின்று பிரசாரம் செய்தன. யானைகள் தீவில் இல்லாதபடியால் எதிர்ப்பிரசாரம் நடக்கவில்லை.

இதற்குள் றோஸ்மேரி ஒரு காரியம் பண்ணினார். தமையனின் தொப்பி ஊர்பேர் தெரியாதவர்களின் தலையெண்ணெய் நாறுகிறதென்று, அதைத் தூக்கிக் கருவாட்டுத் தொட்டியின் உப்புத் தண்ணீரில் ஊறப்போட்டு, நெத்தலியோடு சேர்த்துப் பரணில் காயவைத்தார். பெனடிக்ற் தலையில் அடித்துக்கொண்டார். ஆனால் அதற்குப் பிறகுதான் தொப்பி உண்மையாகவே வேலை செய்யத் தொடங்கியது. போட்டவர் எதையாவது முடிவு பண்ணினால் உச்சியில் சிறு தணல் தெரிந்தது. பஸ்ரியன் சம்மாட்டிக்குச் சுருட்டு நுனியளவு. பங்குச் சுவாமிக்கு மெழுகுதிரியளவு. எல்லாம் முடிவு கட்டுகிற வெளிச்சம்தான். முடிவை மாற்றுகிற வெளிச்சம் எவருக்கும் வரவில்லை.

"உது வேலை செய்யாது எண்டு காட்டத்தான் போடுறன்" என்று யாகப்பர் தானாகவே தொப்பியை வாங்கி மாட்டிக்கொண்டார். மாட்டியவர் கழற்றவில்லை. பூசைக்கும் அதோடுதான் போனார். பெனடிக்ற் அவர் முன்னால் கதிரையைப் போட்டு இருந்துகொண்டு, தகப்பனுக்குப் பாடு இருந்ததற்கு ஒவ்வொரு ஆதாரமாகச் சொன்னார்.

"உங்கட சொந்த அண்ணர் அவரோட நிண்டு இழுத்தவர், யாகப்பர்."

"அவன் பொய்க்காரன். செத்தும் போனான்."

"நீங்களும் இழுத்தனீங்கள்."

"நான் அப்ப சின்னன். சின்னப் பொடியன்ர கதையை ஆர் நம்புறது?"

ஆதாரம் கூடக் கூட யாகப்பரின் தலையைச் சுற்றி இருள் திரண்டது. முதலில் குடையளவு, பிறகு பந்தலளவு. அவர் நடந்த இடத்தில் நண்பகலிலும் பொழுது பட்டது. இரண்டாம் நாள் வௌவால்கள் வந்து அவருடைய தொப்பிக் கம்பிகளில் தலைகீழாகத் தொங்கின. கோழிகள் அவரைக் கண்டால் கூட்டுக்குள் போயின. மனைவி மக்டலின் அவர் பக்கத்தில் சோறு போடுவதற்கு லாம்பு கொளுத்த வேண்டியிருந்தது. பெனடிக்ற் சோர்ந்துபோனார். "அமெரிக்காவிலயும் இதுதான் தங்கச்சி, வௌவால்தான் இல்லை" என்றார்.

"அண்ணா, முடிவு முந்தி வரும், காரணம் பிந்தி வரும் எண்டு சொன்னது நீங்கள்தானே?"

"ஓம்."

"பிறகேன் அந்தாளிட்டக் காரணத்தை முந்திக் குடுக்கிறீங்கள்? படிச்ச விசரன் எண்டு உங்களைத்தான் சொல்லோணும்."

மறுநாள் காலை தென்கடலில் சூடை மீன் வந்து கரையோடு கறுத்துக் கிடந்தது. றோஸ்மேரி எவரையும் கேட்கவில்லை. வலையை வள்ளத்தில் ஏற்றி வளைத்துப் போட்டுவிட்டார். ஊரே மூக்கில் விரலை வைத்தது, வைத்த விரலை எடுத்துக்கொண்டு ஓடிவந்து கயிற்றைப் பிடித்தது. யாகப்பர் தன் இருட்டோடும் வௌவால்களோடும் வந்து கையைக் கட்டிக்கொண்டு நின்றார். வலைக்குள் அகப்பட்ட மீன் அவ்வளவு. இழுத்தவர்களைக் கடல் திருப்பி இழுத்தது. கிழக்குக் கயிறு வழுக்கத் தொடங்கியது, பெனடிக்ற் குப்புற விழுந்து மணலை உழுதுகொண்டு போனார். இன்னும் ஒரு பாகம், இரு கை விரித்த நீளம், கயிறு போனால் வலை கிழிந்துவிடும்.

றோஸ்மேரி கெஞ்சவில்லை. "யாகப்பரண்ணை! என்ன பிராக்குப் பாக்கிறியள்? பிடியுங்கோ!" என்று, தன் தகப்பன் முந்தி அவரை ஏசிய அதே குரலில் ஏசினார்.

யாகப்பரின் கை பிடித்தது. யாகப்பர் அல்ல, கை மாத்திரம். குதிக்கால் மணலில் புதைய, தோள் தானாகத் திரும்பி, அவர் இழுத்தார். கயிற்றைத் தொட்டாயிற்று. அவர் தன் கையை ஒரு தரம் பார்த்தார், கயிற்றைப் பார்த்தார். காரணத்தை ஏற்றிய சாமான் ரயில் எங்கேயோ கட்டுக்கரைக் குளத்துப் பக்கத்திலிருந்து ஆடி ஆடி வந்துகொண்டிருந்திருக்க வேண்டும். பிறகு, "இது உன்ர அப்பர்ர பாடுதான் பிள்ளை. இதில வைச்சுத்தான் மனுசன் எனக்கு இழுக்கப் பழக்கினவர்" என்றார்.

வௌவால்கள் ஒரேயடியாகக் கிளம்பிப் பறந்தன. அவருடைய உச்சியிலிருந்து வெளிச்சம் எழுந்தது. சூரியன் பக்கத்தில் குப்பிவிளக்காகப் போனது, கடலின் அடியில் நண்டு நடப்பது தெரிந்தது, பெனடிக்ற் வாய் நிறைய மணலோடு அழுதார். வலை கரைக்கு வந்தது. அங்கே அமெரிக்காவில் எவர் வென்றார் என்பதை விசாரிக்க அந்தக் கிழமை பியரில் எவருக்கும் நேரமில்லை. எல்லோருடைய கையிலும் சூடை நாற்றம்.

ஆனால் வெளிச்சத்தைக் காணாத ஒரே ஆள் யாகப்பர்தான், அது அவருடைய உச்சியிலேயே நின்றபடியால். "எல்லாரும் வெயிலுக்கை நிண்டு பேதலிச்சுப் போனியள்" என்று அடித்துச் சொன்னார். மக்டலின் மாதாமேல் சத்தியம் பண்ணியும் நம்பவில்லை. பெனடிக்ற் அமெரிக்காவுக்கு அறிவித்தார். ஒரு மூளை போதாது, இன்னொன்று காட்டு என்றார்கள். அவரோ அதற்குள் தங்கையின் கிழக்குக் கயிற்றில் நிரந்தர ஆள் ஆகிவிட்டார், பதில் எழுத நேரம் வாய்க்கவில்லை.

அடுத்த வருடம், முன்னொரு காலத்தில் மற்ற முஸ்லிம்களோடு தீவிலிருந்து துரத்தப்பட்டு, புத்தளத்தில் வளர்ந்து, இப்போது திரும்பியிருந்த ஸுஹறா என்ற பெண், வாப்பாவுக்கு இருந்த கரைப்பாடு தனக்கு வேண்டுமென்று வலையோடு வந்து நின்றார். சம்மாட்டிமார் ஒவ்வொருவராகக் கயிற்றைத் தொட்டார்கள். பஸ்ரியன் மாத்திரம் கையைக் கட்டிக்கொண்டார். தொப்பி இல்லாமலே அவருடைய தலைக்கு மேல் மெல்லிதாக இருட்டத் தொடங்கியது. எல்லோரும் யாகப்பரைப் பார்த்தார்கள். அவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பஸ்ரியனுக்குப் பக்கத்தில் போய் நின்று, எவருக்கும் கேட்கக் கூடாதென்று நினைத்து, ஊருக்கே கேட்கும்படி சொன்னார்:

"பயப்பிடாத பஸ்ரியன். எனக்கும் நடந்தது. உச்சி கொஞ்சம் சுடும், பிறகு சரியாப் போயிடும்."