நடுவில் அறுத்த படகு

முழக்கோல் என்று அவனுக்குப் பேர் வைத்தது அவன் அக்காளின் கணவர். ஒரு பலகையை நாலு தடவை அளந்தும் மனம் ஆறாமல் ஐந்தாம் தடவை டேப்பை இழுப்பவனை வேறு எப்படிக் கூப்பிடுவது? மாமா இன்ஜின் மெக்கானிக், மைத்துனன் படகு கட்டுகிறவன். துறைமுகத்துக்குப் பின்னால் ஒரு தகரக் கூரைப் பட்டறையில் இருவருக்கும் வேலை, சண்டை, சாப்பாடு எல்லாம் ஒன்றாகவே நடந்தது.

அக்காள் நர்ஸ். வாரத்தில் மூன்று நாள் தடுப்பூசிப் பெட்டியோடு தீவுகளுக்குப் போய் வருவாள். படகு கரையை விட்டு விலகியதுமே அவள் முகம் வெளுத்துவிடும். தீவில் நோயாளிகள்தான் அவளைக் கைத்தாங்கலாக இறக்கி உட்கார வைப்பார்கள்.

"யாருக்கு யாரு வைத்தியம் பாக்கிறதுன்னே தெரியல" என்று ஒருநாள் அவள் சொன்னபோது மாமா விழுந்து விழுந்து சிரித்தார். தம்பிக்குச் சிரிப்பு வரவில்லை. அவள் போய்வந்த படகைக் கட்டியதே அவன்தான்.

ஒற்றை உடல் படகு அலையில் உருளத்தான் செய்யும். இரண்டு ஒல்லி உடல்களைத் தள்ளித் தள்ளி நிறுத்தி, மேலே ஒரு தளம் போட்டு இணைத்தால் அந்த உருட்டல் நின்றுபோகும் என்று கணக்குப் போட்டான். மற்ற வேலைகளை முடித்து மிஞ்சிய நேரத்தில், ஒன்றரை வருஷத்தில் முதல் கேட்டமரான் தண்ணீரில் இறங்கியது. உருளவில்லை. ஆனால் தளம் தாழ்வாக இருந்ததால் வந்த அலையெல்லாம் அடியில் மோதி இடித்தது.

"பழைய படகுல வயித்த மட்டுந்தான் கலக்கும். இதுல மண்டையும் சேந்து கலங்குது" என்றாள் அக்காள்.

இரண்டாவதில் தளத்தை உயர்த்தினான். எண்ணெய் மிச்சமாகட்டும் என்று நடுவில் ஒரே இன்ஜின் வைத்தான். அலை தூக்கும்போதெல்லாம் விசிறி தண்ணீரை விட்டு மேலே வந்து காற்றைக் கடைந்தது, சுக்கானும் சொன்னபடி கேட்கவில்லை. மாமா அன்றே வேண்டாம் என்று சொல்லியிருந்தார்.

"ரெண்டு காலு இருக்கிறவன் ஒத்தச் செருப்பு போட்டா நொண்டத்தான் செய்வான் மாப்ள."

"செருப்பு ரெண்டுன்னா எண்ணெயும் ரெண்டு மடங்கு குடிக்கும் மாமா."

"சின்னச் செருப்பா ரெண்டு போடு. குடிக்காது."

மூன்றாவது படகில் உடலுக்கு ஒன்றாகச் சின்ன இன்ஜின்கள் இரண்டு வைத்தார்கள். ஒன்றை முன்னும் ஒன்றைப் பின்னும் ஓடவிட்டால், நின்ற இடத்திலேயே பம்பரம் மாதிரித் திரும்பியது. மெதுவாகப் போகும்வரை எல்லாம் சுகம். வேகம் எடுத்ததும் பழைய இடி திரும்பி வந்தது. கடல் தட்டையாகக் கிடந்த நாளிலும் இடித்தது. அதுதான் அவனுக்குப் பிடிபடவில்லை.

தளத்தில் சதுரமாக ஒரு துளை போட்டு, கனத்த கண்ணாடித் தகடு பதித்தான். மாமா ஓட்ட, அவன் குப்புறப் படுத்துக் கீழே பார்த்துக்கொண்டே வந்தான். இரண்டு உடல்களும் ஆளுக்கொரு அலையைக் கிளப்பின. இரண்டும் நடுவில் முட்டிக்கொண்டு துள்ளி எழுந்து அவன் முகத்துக்கு நேரே மோதின. வெளியிலிருந்து வந்த அலையே இல்லை. படகு தன்னைத்தானே அடித்துக்கொண்டிருந்தது. இடைவெளி போதவில்லை.

பெயிண்ட் அடித்து இருக்கை போட்ட படகு. அதை நீளவாக்கில் அறுத்து அகலமாக்கினால்தான் உண்டு. ஒன்பது நாள் அவன் அதைச் சுற்றிச் சுற்றி வந்தான். தீவுப் பயணத்துக்கு வாங்கலாமா என்று சுகாதாரத்துறை ஆட்கள் பார்க்க வருவதாகச் சொல்லியிருந்த தேதி நெருங்கியது. பத்தாம் நாள் வேலை முடிந்து வந்த அக்காள், பெட்டியைக்கூடக் கீழே வைக்காமல் கேட்டாள்.

"என்னடா, எழவு வீட்டுக்காரன் மாதிரி உக்காந்திருக்க?"

சொன்னான்.

"சட்டை பத்தலன்னா தையலப் பிரிச்சு நடுவுல துணி வெச்சுத் தைக்கிறதில்லயா?"

"இது துணி இல்லக்கா."

"அப்ப பத்தாத சட்டையவே எனக்கு மாட்டிவிடு. வாரம் மூணு நாள் போட்டுக்கிறேன்."

மறுநாள் காலையில் ரம்பத்தை எடுத்தான். முதல் கீறலை அளந்து அளந்து போட்டான். பாதிக்கு மேல் டேப்பைத் தொடவேயில்லை. இரண்டு பாதிகளுக்கும் நடுவே இரண்டடி விட்டுப் புதுச் சட்டங்கள் கொடுத்து, ஃபைபரும் ரெசினும் பூசி இணைத்தார்கள். படகைத் தூக்கிப் பார்க்கும்போதே ஒரு சட்டம் விரிசல் விட்டது. அதைக் கழற்றி எறிந்துவிட்டு வேறு செய்தார்கள். மூன்று வாரம் சோறு தண்ணி மறந்த வேலை.

முடிந்தபின் மாமா வாசலில் நின்று தலையைச் சொறிந்தார்.

"மாப்ள, படகு அகலம் பன்னெண்டடி. வாசல் பதினொண்ணு."

உலகத்தையே அளந்தவன் வாசலை அளக்கவில்லை. செங்கல்லை ஒவ்வொன்றாகப் பெயர்த்துப் படகை வெளியே இழுத்தபோது துறைமுகமே வேடிக்கை பார்த்தது. ஒரு மீன்காரர், "இது பிரசவம் இல்லப்பா, ஆபரேஷன்" என்றார். முழக்கோலும் சேர்ந்து சிரித்துவிட்டான்.

காற்று பலமாக இருந்த நாளாகப் பார்த்துத் தீவுக்குப் புறப்பட்டார்கள். சுகாதாரத்துறையிலிருந்து வந்த டாக்டரம்மா முன் இருக்கையில், அக்காள் பின்னால். எங்கே தாள முடியவில்லை என்று நேரம் போட்டு எழுதச் சொல்லி அவளிடம் நோட்டும் பேனாவும் கொடுத்திருந்தான். முழு வேகம் எடுத்தார்கள். அடியில் தண்ணீர் சீறிக்கொண்டு ஓடியதே தவிர மோதவில்லை. அவன் திரும்பிப் பார்த்தான். மடியில் நோட்டு விரிந்தபடி கிடக்க, அக்காள் வாயைத் திறந்துகொண்டு தூங்கினாள்.

எழுப்பப் போனவனை மாமா தடுத்தார். "விடு மாப்ள. ரிப்போர்ட் எழுதிக்கிட்டிருக்கா."

அவன் முகத்தைக் கடல் பக்கம் திருப்பிக்கொண்டான். கண்ணில் தெறித்தது உப்புத்தண்ணீர் என்றே மாமாவும் வைத்துக்கொண்டார்.

தீவுத் துறையில்தான் அடுத்த சிக்கல். மறுகரை மருத்துவமனைக்கு வரவேண்டிய நிறைமாதக்காரி ஒருத்தி காத்திருந்தாள். உயர்த்திய தளத்துக்கு அவளால் கால் எடுத்து வைக்க முடியவில்லை. நான்கு பேர் சேர்ந்து நாற்காலியோடு தூக்கி ஏற்றினார்கள். கண்ணைக் கசக்கிக்கொண்டே எழுந்து வந்த அக்காள் தம்பியை ஒரு பார்வை பார்த்தாள்.

"தூங்குறதுக்குப் படகு கட்டிட்ட. ஏறுறதுக்கு எப்படா கட்டப்போற?"

டாக்டரம்மா வாய்விட்டுச் சிரித்தார். "அதையும் சேர்த்துக் கட்டட்டும். எங்களுக்கு ரெண்டு வேணும்."

நாலாவது படகில் இரு உடல்களின் பின்முனைகளையும் தண்ணீர்வரை படிக்கட்டாக இறக்கினான். படியின் உயரத்தை அவன் தீர்மானிக்கவில்லை. அக்காள் மருத்துவமனையிலிருந்து நிறைமாதக்காரிகள் இருவரையும் முட்டிவலிக்காரர் ஒருவரையும் பட்டறைக்கே அழைத்துவந்து, பலகைகளை அடுக்கி, பக்கத்தில் கைப்பிடி நட்டு, ஏறச்சொல்லிப் பார்த்துத்தான் முடிவு செய்தார்கள். முட்டிவலிக்காரர் மூன்று முறை ஏறி இறங்கிவிட்டு, "கைப்பிடி மட்டும் இன்னும் கொஞ்சம் தள்ளி வைங்க தம்பி" என்றார். தள்ளி வைத்தார்கள்.