மேவிஸுக்குப் பக்கத்தில்

கிளிஃபர்டின் வலது கை மறுபடியும் எழும்பியது. போர்வைக்கு மேலே ஒரு சாண் உயரத்தில் நின்று, எதையோ பிடித்திருப்பது போல விரல்கள் மடங்கி, இடமிருந்து வலமாக மிக மெதுவாக நகர்ந்தது. கட்டைவிரல் மட்டும் எதையோ அழுத்திக்கொண்டே இருந்தது. ஈரப் பஞ்சால் அவர் உதட்டை நனைத்துக்கொண்டிருந்த வெண்டியின் முழங்கையில் அந்தக் கை இடித்தது. அவள் விலகிக்கொண்டாள். கை நிற்கவில்லை.

"பாத்தியாம்மா?" என்றார் கட்டிலின் மறுபக்கம் உட்கார்ந்திருந்த மால்கம். மாவுக்குள் இறைச்சி வைத்துச் சுட்ட 'பை' ஒன்று, கடைக் காகிதம் பிரிக்காமல், மடியில் இருந்தது. "ரெகுலேட்டரப் புடிச்சு இழுக்கறாரு. வண்டி கெளம்புது. காலம் பூரா ரயில் என்ஜின்ல கரி அள்ளிப் போட்ட மனுஷன், கடைசியா டிரைவர் சீட்டுல ஒக்காந்துட்டாரு."

வெண்டி அப்பாவின் முகத்தைப் பார்த்தாள். கண்கள் வெறுமனே மூடியிருக்கவில்லை, இறுகச் சுருங்கியிருந்தன. தாடை ஒரு பக்கமாகத் திரும்பியிருந்தது. தீப்பொறி முகத்தில் அடிக்காமல் இருக்க ஒருவன் அப்படித்தான் திரும்பிக்கொள்வான். அந்தக் கையில் இருந்தது ரெகுலேட்டர் அல்ல, இரும்பைத் தீயால் அறுக்கும் கேஸ் கட்டர். அவர் வெட்டிக்கொண்டிருந்தார்.

எதை வெட்டுகிறார் என்பதும் அவளுக்குத் தெரியும். டான் ஆற்றங்கரையில் அப்போது ஒரு பழைய இரும்பு யார்டு இருந்தது. நீராவி வண்டிகள் ஓய்ந்த வருடங்களில் என்ஜின்களை வரிசையாக இழுத்துவந்து அங்கே நிறுத்துவார்கள். அவற்றில் 'அபே' வகை என்ஜின்களும் வந்தன. லண்டன் எக்ஸ்பிரஸை இழுத்தவை. ஒவ்வொன்றின் சக்கரத்துக்கு மேலும் இடிந்துபோன ஏதோ ஒரு மடாலயத்தின் பெயர் பித்தளையில் மின்னும். அந்த வகையில் கடைசி என்ஜின்வரை துண்டு துண்டாக்கிய ஆட்களில் கிளிஃபர்ட் ஒருவர். கொதிகலனைச் சுற்றியிருந்த தகட்டைக் கழற்றினால் உள்ளே பூசியிருந்த ஆஸ்பெஸ்டாஸ் கல்நார் பாளம் பாளமாக விழும். கையால் உருட்டி ஒருவர்மேல் ஒருவர் எறிந்து விளையாடுவார்களாம். பனிப் பந்து மாதிரி, என்று சிரித்துக்கொண்டே சொல்லியிருக்கிறார்.

மால்கமுக்கு இது எதுவும் தெரியாது. சிறுவயதில் பாலத்தின்மேல் நின்று அபே என்ஜின்களின் எண்களைக் குறித்துக்கொண்ட பையன்களில் அவரும் ஒருவர். அந்தப் பையன்கள் கிழவர்களாகி ஒரு சங்கம் வைத்தார்கள். ஒன்றுகூட மிஞ்சாமல் போன அந்த என்ஜினைப் புதிதாகவே செய்துவிடுவது என்று ஊருக்கு வெளியே ஒரு ஷெட்டில் இறங்கினார்கள். வீட்டை அடமானம் வைத்தவர்களும் அதில் உண்டு. யார்டு மூடியபின் கிளிஃபர்ட் ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்த ஷெட்டுக்குள் போய் நின்றார். யார் நீங்கள் என்று கேட்டார்கள். அபே என்ஜின்களில் கரி போட்டவன் என்று சொல்லிவிட்டார். அவருக்கு நாற்காலி போட்டார்கள், தேநீர் கொடுத்தார்கள். அப்புறம் ஒரு ஞாயிறும் தவறியதில்லை.

"எல்லாம் பேசியாச்சும்மா," என்றார் மால்கம் எழுந்துகொண்டே. "சாம்பல என்ஜின் உலையில போடறதுன்னு. அவரே ஒத்துக்கிட்டாரு, எங்கிட்ட கையடிச்சுக் குடுத்தாரு. மொத மொதல்ல நீராவி ஏத்தற அன்னிக்கு. கரி அள்ளற மண்வாரியில வச்சு, நெருப்புல ஒரே வீச்சு. பொகையா மேல போயிருவாரு. எங்க ஆளுங்களுக்கு இதவிடப் பெரிய மரியாத கெடையாது."

"கல்லறைத் தோட்டத்துல அம்மாவுக்குப் பக்கத்துல எடம் விட்டுருக்கு," என்றாள் வெண்டி.

மால்கம் சங்கடமாகத் தலையாட்டினார். இறைச்சிப் பையை மேசைமேல் வைத்தார். "நீ சாப்புடு. ராத்திரி வேல முடிச்சு நேரா வந்துருக்க, மொகமே சொல்லுது." குனிந்து கிளிஃபர்டின் நெற்றிமுடியை ஒதுக்கிவிட்டார். அதை ஒரு பெண்ணைவிட மென்மையாகச் செய்தார். வெண்டி ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டாள்.

அவர் போனபின் நாற்காலியைக் கட்டிலோடு ஒட்டிப் போட்டு உட்கார்ந்தாள். வலிமருந்து இறங்கும் இயந்திரம் அவ்வப்போது முனகியது. அப்பாவின் மூச்சு ஈரத் துணியைக் கிழிப்பது போல வந்துகொண்டிருந்தது. இந்தச் சத்தத்தை அவள் முன்பே கேட்டிருக்கிறாள், இதே வீட்டில், மாடியில். அம்மா மேவிஸ் யார்டு வாசலை ஒருநாளும் மிதித்தவள் அல்ல. கணவனின் வேலை உடுப்பைத் துவைத்தவள், அவ்வளவுதான். துவைக்கும் முன் கொல்லைச் சுவரில் நாலு அடி அடித்து உதறுவாள். வெள்ளைத் தூசி எழும்பும். அவள் இருமிக்கொண்டே சிரிப்பாள், "ஒங்கப்பா மாவு மில்லுக்குப் போறாரு பாரு" என்று. அந்தத் தூசி நோய் அவளுக்குத்தான் முதலில் வந்தது. அவள் போன அன்று ஞாயிற்றுக்கிழமை. கிளிஃபர்ட் ஷெட்டில் சக்கரத்துக்குப் பச்சை அடித்துக்கொண்டிருந்தார்.

"அப்பா."

கை நின்றது.

"அப்பா, நான் வெண்டி. ஒன்னே ஒன்னு கேக்கறேன். மால்கம் சொல்றது நெசமா? ஒங்கள அந்த உலையிலயா போடணும்?"

அவர் கண்ணைத் திறக்கவில்லை. உதடு அசைய வெகுநேரம் ஆனது. "ம்."

"அம்மாவுக்குப் பக்கத்துல வேணாமா?"

"அவ பக்கத்துல போடாத." மூச்சு வாங்கினார். "எந்த மொகத்த வச்சுக்கிட்டு..."

வெண்டி அடுத்த சொல்லுக்குக் காத்திருந்தாள். வரவில்லை. கை மறுபடி எழுந்தது, இடமிருந்து வலமாக. ஒரு கோடு முடிந்ததும் திரும்பி வந்து அடுத்த கோடு. அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். மதியம் தாண்டி, கோடு பாதியில் இருக்கும்போது கை போர்வைமேல் விழுந்தது. பிறகு எழவில்லை.

அத்தை ஐரீன் தொப்பியைக்கூடக் கழற்றாமல் அறை வாசலில் வந்து நின்றாள். கிளிஃபர்டின் தங்கை, எண்பது வயது, இரண்டு தெரு தள்ளி வீடு. தன் அண்ணனைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"போயிட்டானா? சொல்லாம கொள்ளாம. எப்பவும் இப்பிடித்தான்." மேசைமேல் இருந்ததைப் பார்த்தாள். "இது யாரு வாங்கிட்டு வந்த பை? அந்த ரயில் பைத்தியமா?"

"ஆமா."

"நல்ல கடையிலதான் வாங்கியிருக்கான்," என்று கத்தியை எடுத்து இரண்டாக வெட்டினாள். "தின்னுடி. பொணத்துக்கு ஆளு வர்றதுக்குள்ள எதையாவது வயித்துல போடு."

இருவரும் நின்றுகொண்டே தின்றார்கள். வெண்டி அப்பா சொன்னதைச் சொன்னாள். ஐரீன் மென்றுகொண்டிருந்ததை விழுங்கினாள்.

"பயம்டி. மேவிஸ் உசுரோட இருக்கறப்பவே அவ மொகத்தப் பாக்கல. நோவுன்னு தெரிஞ்ச அன்னிக்கே இவன் ஷெட்டுக்கு ஓடிட்டான். இப்ப செத்தும் அங்கயே ஓடப் பாக்கறான்."

"கேட்டுட்டுச் செத்திருக்காரு, அத்தை."

"கேக்கட்டும். கேக்கறதெல்லாம் குடுத்துருவாங்களா?" கோட்டில் விழுந்த துணுக்குகளைத் தட்டிவிட்டாள். "எனக்கென்ன, ஒங்கப்பன். நீ என்ன செஞ்சாலும் நான் பாக்கல."

தூசி நோயில் செத்தவர் என்பதால் உடலை நேராகக் கொடுக்கவில்லை. மரண விசாரணைக்காரர்கள் எடுத்துப்போய் நெஞ்சைத் திறந்து பார்த்தார்கள். அந்த ஊரில் பாதிப் பேர் சொல்லியிருக்கக்கூடிய ஒன்றைக் கண்டுபிடித்துத் தைத்துத் திருப்பி அனுப்பினார்கள். அதற்குள் மூன்று வாரம் ஓடியிருந்தது. எரிக்கும் மண்டபத்துக்கு வெளியே மழை. சங்கத்துக் கிழவர்கள் ஒரே மாதிரிப் பச்சைக் கழுத்துப்பட்டை கட்டி வந்திருந்தார்கள். சவப்பெட்டிமேல் யாரோ கரி அள்ளும் பழைய மண்வாரி ஒன்றை மெருகேற்றி வைத்திருந்தார்கள்.

மால்கம் பேசப் போனார். கையில் இருந்த காகிதத்தை இரண்டு வரிக்குப் பின் மடித்துவிட்டார்.

"அபே என்ஜின் ஒன்னு பாலத்துக்கு அடியில போகும்போது எப்படி இருக்கும்னு இங்க பாதிப் பேருக்குத் தெரியும்," என்றார். "பாலமே தூக்கிப் போடும். எனக்கு ஒம்பது வயசு. வீட்ல அப்பன் கிட்ட ஒத வாங்கிட்டு அங்க போய் நிப்பேன். அது வரும். அது போனதுக்கப்புறம் ஒரு மணி நேரம் எதுவும் வலிக்காது." தொண்டையைச் செருமினார். "அத எல்லாத்தையும் வெட்டிப் போட்டானுங்க. ஒன்னு விடல. கசாப்புக்காரனுங்க. அவனுங்க நல்லா இருப்பானுங்களான்னு நான் இன்னிக்கும் கேக்கறேன். ஆனா கிளிஃபர்ட் மாதிரி ஒருத்தர் அத உசுரோட வச்சிருந்தாரு."

ஐரீன் மூக்கால் ஒரு சத்தம் போட்டாள். அழுகிறாள் என்று நினைத்து முன்வரிசைக் கிழவர் ஒருவர் கைக்குட்டையை நீட்டினார். அவளும் வாங்கிக்கொண்டாள்.

வெண்டி சவப்பெட்டியைப் பார்த்தாள். எத்தனை ஞாயிறுகள் அப்பா இதே பேச்சைத் தேநீரோடு கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பார். கசாப்புக்காரனுங்க. ஆமாம், என்று தலையாட்டியிருப்பார்.

வண்டி நிறுத்துமிடத்தில் மால்கமிடம் போனாள். சொல்லிவிடுவது என்றுதான் போனாள். அவர் குடையை அவள்மேல் பிடித்துவிட்டுத் தான் நனைந்துகொண்டு நின்றார்.

"மால்கம், அப்பா அந்த என்ஜின்ல..."

"தெரியும்மா. அம்மா பக்கத்துல வைக்கணும்னு ஒனக்கு ஆச. எனக்குப் புரியாம இல்ல." அவருடைய கண் இன்னும் சிவந்திருந்தது. "ஆனா அன்னிக்கு நாங்க அத்தன பேரும் தொப்பியக் கழட்டிட்டு நிப்போம். என் சாவுக்கு அவ்வளவு பேரு வரமாட்டாங்க. எம்பொண்டாட்டி போயிட்டா, மகன் பேசறதில்ல. இந்த என்ஜினும் ஒங்கப்பாவுந்தான். பெரிய மனசு பண்ணும்மா."

அவள் வாயை மூடிக்கொண்டாள். குடையிலிருந்து ஒழுகிய தண்ணீர் அவர் காலருக்குள் இறங்கிக்கொண்டிருந்தது.

"சரி," என்றாள். "சாம்பல ஒங்க கையிலயே குடுக்கறேன்."

மண்டபத்தார் சாம்பலைப் பச்சை நிறப் பிளாஸ்டிக் ஜாடியில் கொடுத்தார்கள், திருகு மூடி போட்டது. அதை அவள் கணப்புக்குப் பக்கத்தில் வைத்தாள். வேலைக்குப் போனாள், வந்தாள், தூங்கினாள். அக்டோபரில் என்ஜினுக்கு நீராவி ஏற்ற நாள் குறித்தார்கள்.

முந்தின நாள் சாயங்காலம் வெண்டி தரையில் செய்தித்தாளை விரித்தாள். ஜாடியைத் திறந்து அப்பாவைப் பழைய பிஸ்கட் டப்பாவுக்கு மாற்றினாள். நினைத்ததைவிடக் கனம், மணல் மாதிரி சொரசொரப்பு. பிறகு கணப்பின் அடித்தட்டை இழுத்து, அதிலிருந்த கரிச் சாம்பலை அம்மாவின் மாவுச் சல்லடையில் சலித்து ஜாடியில் நிரப்பினாள். கொஞ்சம் சிவப்படித்தது. நெருப்பில் வீசும்போது யார் பார்க்கப் போகிறார்கள். மூடியைத் திருகி, ஈரத் துணியால் ஜாடியைத் துடைத்தாள்.

காலையில் எட்டிப்பார்த்த ஐரீன் கணப்பைப் பார்த்தாள், ஜாடியைப் பார்த்தாள், சமையல்மேடையில் கழுவிக் கவிழ்த்திருந்த சல்லடையைப் பார்த்தாள்.

"அடுப்பு இவ்வளவு சுத்தமா இருந்து நான் பாத்ததில்ல," என்றாள். "டீ போடு."

மால்கம் கோட்டு போட்டு, தலை வாரி வந்திருந்தார். ஜாடியை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். "நீயும் வாம்மா. மேல ஏத்தி நிக்க வைக்கறோம். இப்பல்லாம் பயமில்ல, கொதிகலன சுத்தி வேற பஞ்சுதான் போட்டுருக்கோம். அந்தக் காலத்துல போட்டதுதான் மோசம். பாவம், வெட்டினவனுங்களே பாதிப் பேரு அதுல போயிட்டானுங்களாம்."

"போனாங்க," என்றாள் வெண்டி. "எனக்குக் கொஞ்சம் வேல இருக்கு. நீங்க போங்க."

அவர் ஜாடியைக் காரின் முன்சீட்டில் வைத்து, பெல்ட் மாட்டிவிட்டார்.

கல்லறைத் தோட்டம் மேட்டின்மேல் இருந்தது. அவள் யாரிடமும் அனுமதி கேட்கவில்லை. கடைப் பையில் பிஸ்கட் டப்பா, கணப்படியில் கிடந்த, கரி அள்ளும் சின்ன மண்வாரி. மேவிஸின் கல்லில் அவள் பெயருக்குக் கீழே வெற்றிடம் விட்டிருந்தது. புல்லை ஒரு சதுரமாகக் கிளப்பி எடுத்தாள். மண் ஈரமாக இருந்ததால் குழி சுலபமாக வந்தது. முழங்கை ஆழம் போனதும் நிறுத்தினாள்.

ஷெட் இருந்த திசையிலிருந்து ஊதல் சத்தம் கேட்டது. மூன்று குரல் சேர்ந்த மாதிரி நீளமாக வந்து, ஊர்மேல் பரவி, கடைசியில் கொஞ்சம் கம்மிப்போய் நின்றது. எங்கோ ஒரு நாய் குரைத்தது. கிழவர்கள் இப்போது கழற்றிய தொப்பியைத் திரும்பத் தலையில் வைத்துக்கொண்டிருப்பார்கள்.

வெண்டி டப்பாவைக் கவிழ்த்தாள். மூலையில் ஒட்டியிருந்தது விழவில்லை. அடியில் நாலு தட்டுத் தட்டினாள். காற்று அந்த நேரம் பார்த்துத் திரும்பியது. வெள்ளையாக எழும்பியதில் கொஞ்சம் அவள் கோட்டுக் கையில் வந்து படிந்தது. குழியை மூடி, புல்லைத் திரும்ப வைத்துக் காலால் அழுத்தினாள்.

பிறகு எழுந்து, முகத்தை ஒரு பக்கம் திருப்பி, மூச்சைப் பிடித்துக்கொண்டு, கோட்டை உதறினாள்.