வெள்ளைக்கு அடியில் ஒரு பெயர்

சேரனின் முதல் கல்யாணப் பத்திரிகையை டிசைன் செய்தவள் நான்தான். கீரனூர் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே என் டி.டி.பி. கடை. இரண்டாம் கல்யாணத்துக்கும் அவன் அம்மா முத்துமாரியம்மாள் என்னிடமே வந்தாள்.

"அதே டிசைன் போதும் கார்த்திகா. பொண்ணு பேரையும் அவுக சொந்தக்காரவுக பேரையும் மாத்து. பொண்ணு வீடு தென்காசிப் பக்கம். அவுக போன்ல எதாச்சும் கேட்டா பழசையெல்லாம் இழுக்காத."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனாலும் தலையை ஆட்டிவைத்தேன். பழசு என்று அவள் சொன்னது, சேரன் முதலில் கட்டிய இளமதியை. கல்யாணமான சில மாதத்தில் கன்னத்தை முந்தானையால் மூடிக்கொண்டு வந்து, "இங்க எதாச்சும் வேலை இருக்காக்கா?" என்று கேட்டவள். அப்புறம் கிணற்றில் மிதந்தாள். கால் தவறி விழுந்துவிட்டாள் என்று ஊரே ஒரே குரலில் சொன்னது. நான் ஒருநாளும் அதை நம்பியதில்லை.

பழைய ஃபைலில் இளமதியின் பெயர் பூவேலைப்பாட்டோடு ஒட்டிக் கிடந்தது. பிரித்தெடுக்கச் சோம்பல்பட்டு, அங்கிருந்த கறுப்புக் கட்டம் ஒன்றைக் காப்பி செய்து, வெள்ளையாக்கி, பெயர்மேல் வைத்து மூடினேன். அதன்மேல் ரஞ்சிதா என்று அடித்தேன். திரையில் சுத்தமாக இருந்தது.

போனில் பார்க்க எடுக்கும் பி.டி.எஃப். திரையில் உள்ளதை அப்படியே காட்டும். திருச்சி பிரஸ்ஸுக்கு எடுப்பது வேறு முறை. எந்த மை எதன்மேல் விழ வேண்டும் என்பதும் அதில் போகும். அந்த முறையில் எடுத்து, அச்சில் எப்படி வரும் என்று பார்த்தேன். ரஞ்சிதாவின் பெயருக்குள்ளிருந்து இளமதி எழுந்து வந்தாள்.

காரணம் தெரியாதவள் இல்லை நான். அந்தக் கறுப்புக் கட்டத்தில் ஓவர்பிரிண்ட் போட்டிருந்தேன். அடியில் இருப்பதை அழிக்காமல் அதன்மேலேயே அடி என்று அதற்கு அர்த்தம். வெள்ளையாக்கும்போது அதை எடுக்க மறந்துவிட்டேன். பிரஸ்ஸில் வெள்ளை மை கிடையாது, அடியில் இருப்பதுதான் விழும். இவ்வளவு தெரிந்தும் ஃபைலை மூடிவிட்டுத் திறந்தேன். அங்கேயே இருந்தாள். பட்டப்பகல், வாசலில் பஸ்காரன் ஹாரன் அடித்துக்கொண்டிருக்கிறான், எனக்கோ முதுகுக்குப் பின்னால் யாரோ நிற்பதுபோல் இருந்தது. திரும்பிப் பார்க்கப் பயந்தேன்.

ஓவர்பிரிண்டுக்குப் போட்ட அந்த ஒரு டிக்கை எடுத்தால் போதும், அவள் போய்விடுவாள். மவுஸ்மேல் கையும் இருந்தது. கை ஓடவில்லை. அவளை இந்தத் தடவை நானே தள்ளிவிடுவதா? முகம் தெரியாத அந்த ரஞ்சிதாவுக்கு வேறு யார் சொல்லப்போகிறார்கள்?

பெண்ணின் அப்பா குழந்தைசாமி, தங்கள் பக்கத்துச் சொந்தக்காரர் பெயர்களை என் வாட்ஸ்அப்புக்குத்தான் அனுப்பியிருந்தார். அச்சில் எப்படி விழுமோ அப்படியே பக்கத்தைப் படமாக்கி அவருக்கு அனுப்பினேன்.

உடனே கூப்பிட்டார்.

"அம்மா, எம் மக பேருக்குள்ள வேற ஒரு பேரு தெரியுதே. எதும் தப்பா விழுந்துருச்சா?"

"தப்பு இல்லீங்கய்யா. அவங்க பேரு இளமதி. மாப்பிள்ளை மொதல்ல கட்டுனது அவங்களைத்தான். கட்டுன வருசமே கிணத்துல பொணமாத்தான் எடுத்தாங்க."

அவர் போனை வைக்கவில்லை. அந்தப் பக்கம் ஒரு பெண் குரல் கேட்டது.

"பத்திரிகை வந்துருச்சாப்பா? காட்டுங்க, எம் பேரு எப்படி இருக்குன்னு பாக்கணும்."